650 சொல்லில் எதை எழுதுவது? காலேஜ் எஸ்ஸே பற்றி

ஆகஸ்ட் 9, 2025

வந்த கேள்வி: "மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். மார்க் நன்றாகவே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் எஸ்ஸே எழுதச் சொன்னால், 'எனக்கு எதுவுமே நடக்கலையேம்மா, எதை எழுத?' என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். பெரிய நோய் இல்லை, வறுமை இல்லை, வீட்டில் சண்டை இல்லை. கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குத்தானே கதை இருக்கும்? நாங்கள் எங்கே போவது?"

ஆகஸ்ட் 9, இரவு

இதே வசனத்தை என் மகள் இரண்டு வருடம் முன்பு நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னாள். இப்போது காலேஜில் இரண்டாம் வருடம் தொடங்கப் போகிறாள். அவளுடைய முதல் டிராஃப்ட் அரங்கேற்றத்தைப் பற்றியது. பத்து வருடப் பயிற்சி, விடாமுயற்சி, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே ஒரு பாலம். தப்பே இல்லாத ஆங்கிலம். மூன்றாவது பத்தியில் எனக்கே கொட்டாவி வந்தது, பெற்றவளுக்கு.

தெரியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காமன் ஆப் என்பது பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரே விண்ணப்பம். அதன் எஸ்ஸே குறைந்தது 250 சொல், அதிகம் போனால் 650. ஏழு ப்ராம்ப்டில், அதாவது கொடுத்திருக்கும் கேள்விகளில், ஒன்றை எடுக்கலாம். ஏழாவது, நீங்கள் விரும்பிய எதுவும். ஒரே எஸ்ஸே எல்லாக் கல்லூரிக்கும் போகும், அதனால் அதில் எந்தக் கல்லூரியின் பெயரையும் எழுதக்கூடாது. அதே விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று 10 இடம் தனியாக உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. அரங்கேற்றம், ரோபாட்டிக்ஸ், உணவு வங்கி எல்லாம் அங்கே போய்விடும். அதையே 650 சொல்லில் மறுபடி சொன்னால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

ஆகவே என் முதல் யோசனை: அரங்கேற்றத்தை விடுங்கள். கோப்பை, பதக்கம், பதவி எல்லாவற்றையும் விடுங்கள். சின்ன விஷயமாகத் தேடுங்கள். மகள் கடைசியில் எதை எழுதினாள் என்று நாளை சொல்கிறேன், நீளமான கதை.

ஆகஸ்ட் 10

அம்மா, அதாவது மகளின் அம்மாச்சி, விருதுநகர் பக்கம். எங்களோடு வந்து இருந்த காலத்தில் டாக்டரிடம் போகும்போதெல்லாம் மகள்தான் மொழிபெயர்ப்பாள். எனக்கு வேலை, என் கணவருக்கும் வேலை. யாராவது ஒருவர் காரில் கொண்டுபோய் விடுவோம், உள்ளே போவது அவள்தான். அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது.

அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒருநாள் அம்மாச்சி "நெஞ்சு கரிக்குது" என்றாள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு சாப்பிட்ட புளிக்குழம்பு மேலே ஏறி வருகிறது, அவ்வளவுதான். மகள் டாக்டரிடம் "நெஞ்சில் எரிவது போல வலி" என்று சொல்லிவிட்டாள். எழுபது வயதைத் தாண்டிய பெண், சர்க்கரை வேறு. அங்கிருந்து நேராக எமர்ஜென்சி. இசிஜி, ரத்தப் பரிசோதனை, நாலு மணி நேரம். அவர்கள் செய்தது சரிதான், கேட்டதை வைத்துத்தானே செய்ய முடியும். கடைசியில் ஒரு அமில மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு மகள் ஒரு நோட்டுப் போட்டாள். எனக்குத் தெரியவே தெரியாது. எஸ்ஸேவுக்காக அல்லாடிக்கொண்டிருந்த நாளில் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது கையில் கிடைத்தது. கடுக்குது, குடையுது, உளையுது, இழுக்குது, சுருக்குன்னு குத்துது, மரத்துப்போச்சு, கிறுகிறுன்னு வருது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. "கால் உளையுது: வலி இல்லை, ஆனால் தூங்க விடாது. அமுக்கினால் சுகம்." இப்படி நாற்பதுக்கு மேல்.

"இதை ஏண்டி எழுதல?" என்று கேட்டேன். "இது எஸ்ஸே விஷயமா?" என்றாள்.

எழுதினாள். முதல் தடவை எழுதியபோது மறுபடி பாலம் வந்துவிட்டது. நான் பாட்டிக்கு உதவினேன், இரக்கம் என்றால் என்னவென்று அறிந்தேன் என்றெல்லாம். எமர்ஜென்சிக்குப் போன நாள் அதில் இல்லை. ஏன் விட்டாய் என்றால், "அதில் நான் தப்புப் பண்ணியிருக்கேனே, அதைப் போய் அட்மிஷன்காரங்ககிட்ட சொல்வாங்களா?"

அந்தத் தப்பை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் எஸ்ஸே எழுந்து நடந்தது. தப்பை எழுதப் போய் அவள் ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டாள்: பதினான்கு வயதுப் பெண் ஏன் அந்த அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்? தேடிப் பார்த்தாள். மத்திய அரசின் நிதி வாங்கும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும், அவசர நேரம் தவிர சிறுபிள்ளைகளை அதற்கு நம்பியிருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். எங்கள் யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை அவள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள். தொலைபேசியில் ஒரு பெண் வந்தார். அம்மாச்சி வழக்கம்போல "கரிக்குது" என்றதும் அந்தப் பெண், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, "மேல ஏறி வருதாம்மா, இல்ல உள்ள இறுக்குதா?" என்று திருப்பிக் கேட்டார். திருப்பிக் கேட்கலாம் என்பதே இத்தனை வருடத்தில் தனக்குத் தோன்றவில்லை என்று மகள் எழுதினாள். சொல்லுக்குச் சொல் தேடினேனே தவிர அம்மாச்சியைக் கேட்கவில்லை என்று. அங்கேயே நிறுத்திவிட்டாள்.

எதுவும் நடக்காத பெண்ணுக்கு இத்தனை நடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 12

ஒரு திருத்தம். மேலே எழுதியதை மகள் படித்தாள். நாலு மணி நேரம் இல்லையாம், ஆறு. இன்னொன்றும் சொன்னாள்: அன்றைக்கு அவளுக்கு வெட்கமெல்லாம் வரவில்லை, அம்மாச்சி மேல் கோபம்தான் வந்ததாம். "ஒழுங்காச் சொல்லத் தெரியாதா உனக்கு" என்று காரில் கத்தியிருக்கிறாள். எஸ்ஸேயில் அது இருந்தது. எனக்குத்தான் நினைவில் இல்லை. மகளைப் பற்றிய கதையை நானே அழகுபடுத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன் போல. பிள்ளைகள் எழுதும்போது இது இன்னும் அதிகமாக நடக்கும். அந்தக் கத்தல் இருந்ததால்தான் கடைசி வரியில் கனம் இருந்தது.

ஆகஸ்ட் 23

வீட்டில் செய்து பலன் கண்ட ஒரு வழி. டிராஃப்டை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாச்சிக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். நம் பிள்ளைகளின் தமிழ் சமையலறைத் தமிழ். பசிக்குது, வேண்டாம், அவன் தள்ளிவிட்டான், அப்புறம் நான் அழுதேன். இந்தத் தமிழில் "எனக்குத் தலைமைப் பண்பில் தீராத வேட்கை" என்று சொல்ல வராது. வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். எங்கெல்லாம் மகள் திணறி நின்றாளோ அங்கெல்லாம் டிராஃப்டில் காற்றுதான் இருந்தது. எங்கே மளமளவென்று சொல்லிக்கொண்டு போனாளோ, அம்மாச்சி "அப்புறம்?" என்று கேட்டாளோ, அங்கே விஷயம் இருந்தது.

அம்மாச்சி எந்த இடத்தில் "அப்புறம்?" கேட்டாள் என்று குறித்துக்கொண்டோம். மூன்று இடம். மூன்றும் மிஞ்சியது, மற்றது போனது.

தமிழில் சொல்ல வராத வரியை வெட்டுங்கள். இதுதான் என் விதி.

ஆகஸ்ட் 24

நேற்றைய விதிக்கு ஒரு அப்பா மறுப்புச் சொல்லியிருக்கிறார். அவர் மகள் மடிந்த காகிதங்களின் வடிவியலில் மாதக்கணக்காக மண்டையை உடைத்தவள். அதை எந்தப் பாட்டியிடமும் சமையலறைத் தமிழில் சொல்ல முடியாது, அதற்காக வெட்டிவிடுவதா என்கிறார்.

கூடாது. நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் யோசனை ஆங்கிலத்தில் நடக்கிறது, கணக்கில் நடக்கிறது. ஆனால் பாட்டியிடம் ஒன்றைச் சொல்லலாம்: "மூணு மாசமா ஒரு காகிதத்தை இப்படி மடிச்சா இப்படி நிக்கும்னு நினைச்சேன், நிக்கல." அது வந்தால் போதும். தன் பெருமையைப் பேசும் வரிகளுக்கு மட்டும் என் விதி பொருந்தும், அறிவைப் பேசும் வரிகளுக்கு இல்லை.

செப்டம்பர் 6

"முன்னுரை எப்படித் தொடங்குவது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேள்வியிலேயே நோய் தெரிகிறது. நாம் படித்த பள்ளிகளில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மேலே ஒரு குறள். முன்னுரையில் சொல்லப்போவதைச் சொல்வோம், முடிவுரையில் சொன்னதைச் சொல்வோம். இங்கே பிள்ளைகளுக்கு ஐந்து பத்தி எஸ்ஸே என்று கற்றுக்கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே எலும்புக்கூடு. குறளுக்குப் பதிலாக யாரோ ஒரு தலைவரின் பொன்மொழி வரும்.

தேர்வுத்தாளுக்கு அது சரி. நூறு தாள் திருத்தும் ஆசிரியருக்கு எங்கே என்ன இருக்கிறதென்று தெரியவேண்டும். அட்மிஷன் ஆபீசில் படிப்பவர் திருத்தவில்லை. இந்தப் பிள்ளை யார் என்று பார்க்கிறார். முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

முதல் பத்தியை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு டிராஃப்டில் மூன்று அப்படித்தான் சரியானது. "சிறு வயதிலிருந்தே நான்" போய்விட்டு, "அம்மாச்சி வலிக்கிறது என்று சொன்னதே இல்லை" என்று தொடங்கியது. கடைசிப் பத்திக்கும் இதையே செய்யுங்கள். "இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது" என்று வந்தால் அதற்கு முந்திய வரியில் நிற்க முடியுமா என்று பாருங்கள். நிற்க முடியவில்லை என்றால் நடுவில் எங்கோ ஒரு சம்பவம் குறைகிறது. அதைத் தேடுங்கள், முடிவுரையை மெருகேற்றாதீர்கள்.

செப்டம்பர் 20

அரங்கேற்றத்தை விடுங்கள் என்று ஆகஸ்ட் 9-இல் எழுதினேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் முன்பு படித்த ஒரு பெண் தன் எஸ்ஸேயைப் படிக்கக் கொடுத்தாள். அவள் அனுமதியோடு சொல்கிறேன். வர்ணத்தின் நடுவே சலங்கை வார் அறுந்து மணிகள் மேடையெங்கும் சிதறிவிட்டன. மிதித்தால் கால் போய்விடும். மிச்ச வர்ணத்தையும் தரையைப் பார்த்துக்கொண்டே ஆடி முடித்தாள். ஒரு அடவும் பிசகவில்லை, கைதட்டல் பலமாக இருந்தது. உள்ளே வந்ததும் குரு கேட்டது ஒன்றே: "முகம் எங்கடி போச்சு?" கண்ணனை ஏங்கிப் பார்க்கவேண்டிய இடத்திலெல்லாம் அவள் மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அப்படியென்றால் இத்தனை நாள் நான் யாரைப் பார்த்து அபிநயம் செய்தேன் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத்தான் மீதி 400 சொல்லில் துரத்துகிறாள்.

அரங்கேற்றம்தான். நான் வேண்டாம் என்ற அதே விஷயம்தான். எங்கே பிசகினேன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். சின்ன விஷயம், பெரிய விஷயம் என்று நான் பிரித்ததே சரியில்லை. ஒரு பையன் நான் சொன்னதைக் கேட்டு எலுமிச்சை ஊறுகாயைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறான். சின்ன விஷயம்தான், மணமெல்லாம் இருக்கிறது, ஆனால் முதல் வரியில் இருந்த அதே பையன்தான் கடைசி வரியிலும் இருக்கிறான். எதையோ ஒன்றை நம்பி, அது சரியில்லை என்று கண்டு, கொஞ்சம் நகர்ந்த இடம் எங்கே இருக்கிறது? அது ஊறுகாயிலும் இருக்கலாம், வர்ணத்திலும் இருக்கலாம். தம்பி, ஊறுகாய் ஒருமுறையாவது பூத்துப்போயிருக்குமே, அன்றைக்கு என்ன நடந்தது?

செப்டம்பர் 21

தனியாகக் கேட்ட ஒருவருக்கு: ஆமாம், இந்தியக் குடும்பம் என்பதை எழுதலாம். 2023 ஜூன் 29 தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தை வைத்துச் சேர்க்கையில் முன்னுரிமை தருவதை நிறுத்தியது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் எழுதுவதைப் படித்துக் கணக்கில் எடுக்கத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மகள் விண்ணப்பித்தது அந்த இலையுதிர் காலத்தில்தான், எல்லாப் பெற்றோரும் குழம்பிக் கிடந்தோம். அம்மாச்சியின் தமிழை எடுத்துவிட்டால் அவள் எஸ்ஸேயில் ஒன்றுமே மிஞ்சாது, அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

அக்டோபர் 4

கலிஃபோர்னியாவிலிருந்து கேட்பவர்கள் கவனிக்க. நான் இதுவரை சொன்னது காமன் ஆப் எஸ்ஸேவுக்கு. யுசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் தனி. எட்டுக் கேள்வியில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள். அங்கே சலங்கை மணி சிதறும் காட்சியை 150 சொல்லுக்கு விரித்தால் இடமே இருக்காது. கேட்டதற்கு நேராகப் பதில்: என்ன செய்தாய், ஏன் செய்தாய், அதனால் என்ன மாறியது. நான்கும் சேர்ந்து ஒரே ஆளின் நான்கு பக்கத்தைக் காட்டவேண்டும். அக்கா மகன் நான்கிலும் கூடைப்பந்தை எழுதி வைத்திருந்தான், நல்லவேளை அனுப்புவதற்கு முன் பார்த்தோம்.

அக்டோபர் 11

இதை எழுதலாமா என்று இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மகளின் மூன்றாவது டிராஃப்டில் நான் கைவைத்தேன். ஒரே ஒரு பத்தி. இரவு ஒரு மணிக்கு அவள் தூங்கிய பிறகு "சரிசெய்தேன்". மறுநாள் அவளுடைய ஆங்கில ஆசிரியை படித்துவிட்டு அந்தப் பத்தியில் விரலை வைத்து, "இது யார் பேசுவது?" என்று கேட்டாராம். மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்தியை அழித்தாள், ஒரு வாரம் டிராஃப்டை எனக்குக் காட்டவில்லை. அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவளால் முடியாது என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அல்லவா.

பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் பேனாவைத் தொடக்கூடாது, பென்சில் மட்டும். எங்கே சலிப்பு வருகிறதோ ஓரத்தில் ஒரு கோடு. எங்கே இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதோ ஒரு வட்டம். ஒரு சொல்லும் எழுதக்கூடாது. இதைவிட நல்ல உதவியை நான் அவளுக்குச் செய்ததில்லை.

சாட்பாட்டைக் கேட்கலாமா என்பவர்களுக்கும் இதேதான். காமன் ஆப் விதியில், இயந்திரம் எழுதிக் கொடுத்ததைத் தன் எழுத்து என்று தருவது மோசடிக் கணக்கில் வருகிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும். நோட்டில் இருந்த நாற்பது சொல்லையும் ஒருநாள் சோதனைக்காக அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். கடுக்குது, குடையுது, உளையுது மூன்றையும் "அசௌகரியம்" என்ற பொருளில் ஒரே ஆங்கிலச் சொல்லாக வழித்து வைத்தது. மகள் ஒரு வருடம் உட்கார்ந்து பிரித்ததை அது ஒரு நொடியில் சேர்த்துவிட்டது.

அக்டோபர் 18

சப்ளிமென்ட், அதாவது ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் கூடுதல் எஸ்ஸே பற்றிச் சுருக்கமாக. "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கேள்விக்கு, கல்லூரியின் பெயரை மாற்றிப் போட்டாலும் பதில் பொருந்துகிறதென்றால் அது பதில் இல்லை. பெயரை மாற்ற மறந்து அனுப்பியவர்களும் உண்டு, அனுப்பும் முன் சத்தமாகப் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டு, கூடத் தங்கப்போகும் அறைத்தோழருக்கு ஒரு கடிதம் கேட்கிறது, 100 முதல் 250 சொல். சிகாகோ பல்கலைக்கழகம் "எக்ஸைக் கண்டுபிடி" என்று கூடக் கேட்டிருக்கிறது. இவற்றை வைத்தே பிள்ளைகளுக்கு எழுத்தில் பயம் தெளியும். மகள் அறைத்தோழருக்கு எழுதிப் பழகிய பிறகுதான் பெரிய எஸ்ஸேயில் குரல் இறங்கி இயல்பானது. அதனால் இதை முதலில் எழுதலாம் என்று இப்போது தோன்றுகிறது, கடைசியில் இல்லை.

அக்டோபர் 31

முதல் கேள்வி கேட்ட அம்மா எழுதியிருக்கிறார். மகன் சரி என்று சொன்னதால் இங்கே சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் அவன் அப்பா ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு அவன்தான் ஸ்கோர் எழுதுவான். எட்டு வயதிலிருந்து. அதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான். செப்டம்பரில் அவன் அம்மா, எதையாவது தப்பாக நினைத்துப் பிறகு மாறிய நாள் உண்டா என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு பழைய ஸ்கோர் நோட்டைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் ஏழு பந்து. வைடும் இல்லை, நோபாலும் இல்லை, அவன் எண்ணத் தவறியிருக்கிறான். வெற்றி ரன் வந்தது ஏழாவதில். ஜெயித்தது அவன் அப்பா அணி. அன்றிரவே வீட்டில் கூட்டிச் சரிபார்க்கும்போது கண்டுபிடித்துவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. கோப்பை வரவேற்பறையில் இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தோற்ற அணியின் கேப்டன் மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் நோட்டை வாங்கி அந்த ஓவரை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆறாவது பந்தை நான் போட்டப்பவே முடிஞ்சுதுன்னு நினைச்சேன்டா, அம்பயர் ஒண்ணும் சொல்லல, சந்தேகப்பட்டு விட்டுட்டேன்" என்றாராம். இரண்டு பேரும் இரண்டு வருடம் வைத்திருந்த ஒன்று.

முதல் டிராஃப்ட் "நேர்மையே சிறந்தது" என்று முடிந்திருந்தது. அம்மா ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். இப்போது அது, ஸ்கோர் எழுத உட்காரும்போது ஆறு கூழாங்கல்லை இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பந்துக்கு ஒன்றாக வலது பாக்கெட்டுக்கு மாற்றுவதில் முடிகிறது. ஊரில் அவன் தாத்தா அம்பயராக நின்றபோது செய்ததாம்.

நாளை நவம்பர் 1, அவன் விண்ணப்பிக்கும் இடங்களுக்கு முதல் கெடு. இன்று காலையே அனுப்பிவிட்டான். 631 சொல்.